தோட்டச் சம்பளத்தை ஒரேயடியாக உயர்த்தினால் வேலை போய்விடுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: குறைந்தபட்சச் சம்பளத்தை ஒரேயடியாக உயர்த்தினால் முதலாளிகள் ஆளைக் குறைப்பார்கள், கடைசியில் நட்டம் தொழிலாளிக்குத்தான் என்று பொருளாதாரம் படித்த பலர் சொல்கிறார்கள். அப்படியானால் இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு 1,000 ரூபா, பிறகு 1,700 ரூபா என்று கேட்டது சரியா? கம்பனிகளால் தாங்க முடியுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டது சரி. அதுவும் பல வருடம் பிந்திக் கேட்டது. ஆனால் பத்து வருடமாக நாட்சம்பளம் என்ற ஒரே ஒரு எண்ணைச் சுற்றித்தான் சண்டை நடந்தது. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்ற இரண்டும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் "சம்பளம் கூடியது" என்று சொல்வதிலும் பொருள் இல்லை, "சம்பளம் கூடியதால் தொழில் அழிகிறது" என்று சொல்வதிலும் பொருள் இல்லை.

வந்த வழியை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். 2021 வரை தோட்டச் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் முடிவானது. ஒரு பக்கம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்காக முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உள்ளிட்ட தொழிற்சங்கங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேசுவார்கள். 2015 மார்ச்சில் முடிந்த ஒப்பந்தத்துக்குப் பதிலாக அடுத்தது கையெழுத்தானது 2016 அக்டோபரில். அடிப்படைச் சம்பளம் 450இலிருந்து 500 ஆனது. கொடுப்பனவுகளை எல்லாம் சேர்த்து 730 ரூபா என்றார்கள். 1,000 ரூபா கோரிக்கை தீவிரமானது அந்தக் காலத்தில்தான். 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. ஆனால் வரவுக் கொடுப்பனவையும் உற்பத்திக் கொடுப்பனவையும் எடுத்துவிட்டார்கள். தேயிலை விலைக்காகக் கொடுக்கும் விலைப் பங்கு 50 ரூபாவையும் சேர்த்தால் 750. முன்பு மாதம் முழுக்க வேலைக்குப் போய் 730 வாங்கியவருக்கு உண்மையில் கூடியது 20 ரூபா.

2021 மார்ச்சில் அரசாங்கம் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானி வெளியிட்டு 1,000 ரூபாவைக் கொண்டுவந்தது. அடிப்படை 900, வரவு செலவு நிவாரணப்படி 100. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 1,000 ரூபா நடைமுறைக்கு வந்தது. ஆனால் கூட்டு ஒப்பந்தம் முறிந்துபோனது. அதன் விலை என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2024 மே தினத்தன்று கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்று அறிவித்தார். அதற்கும் வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மறுபடி நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை 1,350 ரூபாவுக்கு இறங்கி வந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பித்த 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், கம்பனிகள் கொடுக்கும் சம்பளம் 1,550 ஆக வேண்டும், அதோடு வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா கொடுக்கும், மொத்தம் 1,750 என்று முன்மொழிந்தது.

இப்போது "ஒரேயடியாக" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 1,000இலிருந்து 1,350 என்றால் 35 சதவீத உயர்வு. கேட்க மிகப் பெரிதாகத் தெரிகிறது. 2021 மார்ச்சில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த 1,000 ரூபா 5 டொலர். 2022இல் ரூபா சரிந்து டொலர் 360ஐத் தொட்டபோது அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் கீழே போனது. 2024 செப்டம்பரில் 1,350 ரூபா கிடைத்தபோது டொலர் 300ஐ ஒட்டி இருந்தது. அதாவது நாலரை டொலர். சாமான் விலையை வைத்துப் பார்த்தாலும் இதேதான். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியிருந்தது. 2021க்கும் 2024க்கும் இடையில் விலைவாசி நான்கில் மூன்று பங்காவது கூடியிருந்தது. 2021இன் 1,000 ரூபாவுக்கு வாங்கியதை 2024இல் வாங்க 1,750 ரூபாவாவது வேண்டும். ஆக, அதிரடி உயர்வு என்று எதிர்த்த அந்த 1,700 ரூபா, மூன்று வருடம் முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பக்கூடப் போதாத தொகை.

அந்த மூன்றரை வருடமும் நாட்சம்பளம் 1,000இலேயே நின்றது. அரிசி, மா, மண்ணெண்ணெய், பிள்ளையின் கொப்பி என்று எல்லாம் ஏறும்போது சம்பளம் மட்டும் அசையவில்லை. கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை 2021இல் கிலோ 600 ரூபாவைச் சுற்றி இருந்தது, 2022இல் 1,200ஐத் தாண்டியது. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்துக்குப் போட்ட தடையால் விளைச்சல் விழுந்தது உண்மை. 2021இல் 300 மில்லியன் கிலோ அளவில் இருந்த நாட்டின் உற்பத்தி 2022இல் 250 மில்லியனுக்கு இறங்கியது. எரிபொருளும் மின்சாரமும் உரமும் விலை ஏறியதும் உண்மை. ஆனால் தேயிலை விலை ரூபாவில் இரட்டிப்பான காலத்தில் பறிக்கிற கைக்கு ஒரு ரூபாகூடக் கூடவில்லை என்பதும் உண்மைதான். "முடியாது" என்ற வாதத்தை நான் முழுசாக ஏற்காததற்கு இது முதல் காரணம்.

சரி, வேலை போய்விடும் என்ற வாதம். இது 1990கள் வரை பொருளாதாரப் பாடநூல்களில் கிட்டத்தட்ட விதியாகவே இருந்தது. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இருவர் 1992இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிச்சம்பளத்தை 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியபோது, அங்கும் பக்கத்து பென்சில்வேனியாவிலும் இருந்த துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நியூ ஜேர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள், எத்தனையோ மறுப்புகள். இன்றைக்கும் ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகியிருக்கிறது: ஒரு ஊரில் வேலை கொடுக்கிறவர் ஒருவர் மட்டும்தான் என்றால், அவர் சந்தைச் சம்பளத்தைவிடக் குறைவாகவே கொடுப்பார். அந்த இடத்தில் சட்டம் போட்டுச் சம்பளத்தை உயர்த்தினால் வேலை குறையாமலே இருக்கலாம், கூடவும் செய்யலாம்.

அப்படிப்பட்ட ஊருக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைவிடப் பொருத்தமான உதாரணம் சொல்வது கடினம். குடியிருக்கிற லயன் காம்பரா தோட்டத்துடையது. பாதை தோட்டத்துடையது. வேலைக்குப் போகும்போது குழந்தையை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா தோட்டத்துடையது. வேலையை விட்டால் வீடு என்ன ஆகும் என்ற பயம் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தொடர்கிறது. இந்த நிலையில் "சம்பளம் பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போகலாமே" என்று சொல்வது நியாயமே இல்லை.

ஆனாலும் போகிறார்கள். கம்பனிகளே ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்கின்றன: சம்பளம் கூட்டினால் ஆட்குறைப்பு வரும், கொழுந்து எடுக்க ஆள் கிடைக்கவில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த தொழிலாளர் தொகை இன்று அதில் பாதிகூட இல்லை. சம்பளம் குறைவாக இருந்த காலத்தில் நடந்தது இது. பையன்கள் கொழும்பில் கடைக்கும் ஹோட்டலுக்கும் போனார்கள், பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். பெரும்பாலானோரைத் தோட்டத்திலிருந்து துரத்தியது குறைந்த சம்பளமும், கணக்கப்பிள்ளை முதல் துரை வரை நடத்துகிற விதமும்தான்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கிற பகுதிக்கு வருகிறேன். பத்திரிகையில் 1,350 என்று போடுவார்கள். மலையில் அது எப்படிக் கைக்கு வருகிறது?

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் மலைக்கு ஏறி, கொழுந்து எடுத்து, நிறுவைக்குக் கொண்டுவருவார்கள். தராசில் தொங்கவிட்டதும் சாக்குக்கு ஒரு கழிவு. மழை நாள் என்றால் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று இன்னொரு கழிவு. முற்றிய இலை கலந்திருக்கிறது என்று சொல்லி அதற்கும் ஒன்று. கழித்தது போக நிற்கிற கிலோ, தோட்டம் வைத்திருக்கிற நோர்மை, அதாவது ஒரு நாளுக்கு எடுக்க வேண்டிய கிலோ அளவை, தொட்டால்தான் முழுப்பேர், முழு நாட்சம்பளம். தொடாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். நிறுவையில் நிற்கிற பெண்களின் கண் முழுக்கத் தராசு முள்ளில்தான் இருக்கும். நோர்ம் 18 கிலோ என்றால் அதற்கு அரைக்கிலோ குறைந்தாலும் அன்று முழுக்க நின்ற உழைப்பில் பாதி போய்விடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நோர்ம் 16 கிலோ, சம்பளம் 1,000 என்றால் கிலோவுக்கு 62 ரூபா 50 சதம். நோர்மை 22 ஆக்கிவிட்டு 1,350 கொடுத்தால் கிலோவுக்கு 61 ரூபா சொச்சம். 35 சதவீதம் உயர்வு என்று நாடு முழுக்கச் செய்தி. கிலோவுக்குக் கிடைக்கிற காசோ ஒரு ரூபா குறைந்திருக்கும்.

நாள் கணக்கும் அப்படியே. 1,000 ரூபா காலத்தில் 22 நாள் முழுப்பேர் எடுத்தவருக்கு மாதம் 22,000. 1,350 ரூபா காலத்தில் 14 முழுப்பேரும் 6 அரைப்பேரும் என்றால் 22,950. அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ், தேயிலைத்தூள் என்று கழிவுகள் போகும். வீட்டுக்கு வருகிற காசில் உயர்வு எங்கே என்று தேட வேண்டும்.

இவை என் உதாரணக் கணக்குகள். எல்லாத் தோட்டத்திலும் எண்கள் இப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் 2021க்குப் பிறகு பல தோட்டங்களில் நோர்மை 18இலிருந்து 20க்கு மேல் கூட்டியதும், வேலை நாளைக் குறைத்ததும், எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போட்டதும் மலையகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். கூட்டு ஒப்பந்தம் இருந்தவரை நோர்ம் பற்றியும் வேலை நாள் பற்றியும் தோட்ட மட்டத்தில் உட்கார்ந்து பேச ஒரு பிடி இருந்தது. அந்தப் பிடிதான் 2021இல் கைநழுவிப் போனது. சம்பளம் கூடியது, அதைக் கையில் சேர்க்கிற ஏற்பாடு இல்லாமல் போனது.

தென் கொரியாவிலும் இதே பாடம்தான். 2018இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளத்தை ஒரே வருடத்தில் 16.4 சதவீதம் உயர்த்தினார்கள், அடுத்த வருடம் இன்னொரு 10.9. அங்கே வாரத்துக்கு 15 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. சில சிறு முதலாளிகள் ஒரே வேலையை இரண்டு மூன்று பேருக்குப் பிரித்து, ஆளுக்கு 15 மணிக்குக் கீழே கொடுத்தார்கள். ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அங்கே வேலை குறையவில்லை என்றே தோன்றும். மணி நேரத்தைப் பார்த்தால்தான் நடந்தது தெரியும். சம்பள உயர்வை முறியடிக்க ஆளை நிறுத்தத் தேவையில்லை. மணியைக் குறைக்கலாம், நாளைக் குறைக்கலாம், கிலோவைக் கூட்டலாம்.

கம்பனிகள் பக்கம் இருக்கிற நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். 18 கிலோ எடுத்தால் ஏறத்தாழ 4 கிலோ தூள். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாவோடு கம்பனி கட்டும் சேமலாப நிதி 12 சதவீதமும் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் சேர்ந்தால் 1,550 சொச்சம். அதாவது கொழுந்து எடுக்கிற கூலி மட்டுமே ஒரு கிலோ தூளுக்குக் கிட்டத்தட்ட 400 ரூபா. இதன் மேல் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து, புல்லு வெட்டு, மருந்து, உரம், விறகு, மின்சாரம், தொழிற்சாலை, அலுவலகம். அந்த வருடம் விற்ற விலை ஏறத்தாழ 1,200. இலாபம் வானளவு இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒருவர் எடுக்கும் கொழுந்து கென்யாவைவிட இங்கே குறைவு என்று கம்பனிகள் சொல்வதும் சரிதான்.

ஆனால் ஏன் குறைவு? கையில் வேகம் இல்லையா? ஆறேழு வயதிலிருந்து அம்மாவோடு மலைக்குப் போய்ப் பழகிய கை அது. குறை செடியிலும் நிலத்திலும் இருக்கிறது. பல மலைகளில் நிற்பது வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை. வருடத்துக்கு 2 சதவீத நிலத்திலாவது மறுநடுகை நடக்க வேண்டும் என்பது பழைய பரிந்துரை, பெரும்பாலான தோட்டங்கள் அதை எட்டியதே இல்லை. புல்லு வெட்டாமல் காடாகிக் கிடக்கிற மலையில் பாதை கண்டுபிடித்து ஏறுவதற்கே நேரம் போகும். அட்டை, குளவி, சில இடத்தில் சிறுத்தைப் பயம். குளவி கொட்டி உயிர் போன செய்தி வராத வருடம் இல்லை. இப்படிப்பட்ட மலையைக் கொடுத்துவிட்டு 22 கிலோ கொண்டுவா என்பது, முதலீடு செய்யாததன் நட்டத்தை அந்தப் பெண்ணின் முதுகில் ஏற்றுவதுதான். எனக்கு இதில் வருகிற கோபம் இன்றுவரை ஆறவில்லை.

சம்பளத்தை உயர்த்துவதன் உண்மையான பயனும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆள் கூலி மலிவாக இருக்கும்வரை பழைய செடியில் மலிவான கையை வைத்துக் கொழுந்து எடுப்பது கம்பனிக்குக் கட்டுப்படியாகும். கூலி ஏறும்போதுதான் மறுநடுகை செய், புல்லை வெட்டு, நல்ல கத்தரிக்கோல் கொடு என்ற யோசனை வரும். ஆனால் நோர்மைக் கூட்டித் தப்பிக்கிற வழி திறந்திருந்தால் அந்த யோசனை வராது. அதனால் வர்த்தமானியில் நாட்சம்பளத்தை எழுதும்போது அதே பக்கத்தில் நோர்மை எப்படித் தீர்மானிப்பது என்பதையும் எழுத வேண்டும்: மலையின் செடி வகை, கவ்வாத்து வருடம், பருவம் பார்த்து, சங்கத்தோடு பேசி. மார்ச் வறட்சியில் துளிர் இல்லாத மலைக்கும் மே மாதக் கொழுந்துக்கும் ஒரே கிலோ என்பது யாருக்கும் நியாயமில்லை. அரைப்பேரை நிறுத்தி, நோர்முக்குக் குறைந்தால் குறைந்த கிலோவுக்கு மட்டும் விகிதப்படி வெட்டலாம். வேலைக்கு வருகிறவருக்கு மாதத்துக்கு இத்தனை நாள் கட்டாயம் என்று இருக்க வேண்டும்.

இந்த வாதம் மலையகத்துக்குப் புதிதும் இல்லை. இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இலங்கையில் வந்தது 1927இல். 1929இலிருந்து மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்டு நடந்த போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார். கொழுந்து எடுப்பதில் பெரும்பகுதியைச் செய்கிற பெண்களுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல், அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

200 ரூபா அரசாங்கக் கொடுப்பனவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 நாள் வேலைக்குப் போனால் மாதம் 5,000 ரூபா. அது ஒரு குடும்பத்துக்குச் சின்னக் காசு இல்லை, வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கொரியாவும் சிறு முதலாளிகளுக்கு இப்படி உதவித்தொகை கொடுத்துப் பார்த்தது. ஆனால் வேலை நாளைத் தீர்மானிப்பது கம்பனி. 15 நாள் மட்டும் பேர் கொடுத்தால் 3,000தான் வரும். நாட்டின் தேயிலையில் முக்கால் பங்கை விளைவிப்பவர்கள் சிறுதோட்டக்காரர்கள். காலியிலும் மாத்தறையிலும் இரத்தினபுரியிலும் அவர்களுக்குக் கொழுந்து எடுத்துக் கொடுக்கிற கூலிப் பெண்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. வரிப்பணத்தில் கொடுக்கிற காசு யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதைக் கேட்கத்தான் வேண்டும்.

"தாங்குமா" என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: சில தோட்டங்கள் தாங்காது. உயரமான மலைகளில், பழைய செடியோடு, ஏற்கெனவே நட்டத்தில் ஓடுகிறவை இருக்கின்றன. அங்கே நிலத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, எடுக்கும் கொழுந்துக்குக் கிலோ விலை கொடுக்கிற முறையைக் கம்பனிகள் முன்வைக்கின்றன. உறுதி இல்லாத ஒப்பந்தமாக, சேமலாப நிதியும் பிரசவச் சகாயமும் இல்லாமல் கொடுத்தால் அது தொழிலாளியின் தலையில் ஆபத்தை மாற்றிவைப்பதாக முடியும். காணி உரிமையோடு கொடுத்தால் காலியில் சிறுதோட்டக்காரர் நிற்கிற மாதிரி மலையகத்திலும் நிற்க முடியும். தோட்டங்கள் 53 வருடக் குத்தகையில் கொடுக்கப்பட்டவை, 2045இல் முடிகின்றன. நட்ட தேயிலை பலன் தர வருடக்கணக்கில் ஆகும், குத்தகை முடியப்போகிற நிலத்தில் யார் நடுவார் என்று கம்பனிகள் கேட்கின்றன, நீட்டிப்பும் கேட்கின்றன. கேட்கட்டும். அரசாங்கம் அந்தப் பேச்சுக்கு உட்காரும்போது, எத்தனை ஏக்கர் மறுநடுகை, எத்தனை குடும்பத்துக்கு வீட்டோடு காணி, ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பவற்றைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்க வேண்டும், சங்கங்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.